மஞ்சள் வீழ்படிவும் மெட்ராஸ் கெமிக்கல் எக்ஸாமினரும்

"உடல் பிரேதப் பரிசோதனைக்காக செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டது. உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளன." காலைக் காப்பியோடு செய்தித்தாள் படிக்கும் நம் வயதுக்காரர்கள் இந்த இரண்டு வரிகளை எத்தனை முறை படித்திருப்போம்! சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், காட்டாங்கொளத்தூர் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும், வரிகள் மாறாது. முதல் வரி நமக்குப் புரியும். இரண்டாவது வரியைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அந்த உள்ளுறுப்புகள் எங்கே போகின்றன? அங்கே என்ன செய்கிறார்கள்? இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது? மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்விகளில் எனக்கு எப்போதும் ஓர் ஆர்வம் உண்டு. இந்தியாவிலேயே இந்த வேலைக்கென்று முதன்முதலில் ஓர் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது நம் சென்னையில்தான். அந்தக் கதையை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1849

மெட்ராஸ் மாகாணத்தில் சுகாதாரத் துறையின் கீழ் 'கெமிக்கல் எக்ஸாமினர்' என்ற ரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் 1849-இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் கல்கத்தாவில் 1853-இலும், ஆக்ராவில் 1864-இலும், பம்பாயில் 1870-இலும் இதே போன்ற கூடங்கள் வந்தன. இந்தத் துறையில் நாம்தான் மூத்தவர்கள்.

1849 எப்படிப்பட்ட காலம் என்று எண்ணிப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது 1856-இல். ஆகவே செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒருவர் சந்தேகமாக இறந்தால், சீல் வைத்த ஜாடி சாலை வழியாகத்தான் பட்டணத்துக்குப் போயிருக்க வேண்டும். மின்சாரம் கிடையாது, குளிர்சாதனப் பெட்டி கிடையாது. பரிசோதகரிடம் இருந்தவை கண்ணாடிக் குழாய்கள், அமிலங்கள், ஒரு விளக்கு, அவருடைய கண், மூக்கு, பொறுமை. அவ்வளவுதான்.

அப்படி என்ன அவசரம் வந்தது, இதற்கென்று ஒரு கூடம் அமைக்க? பாஷாணம்தான் காரணங்களில் முக்கியமானது.

பாஷாணம் என்ற பெரிய சங்கடம்

வெள்ளைப் பாஷாணம் என்று நாம் சொல்வது ஆர்சனிக் ஆக்சைடு. பார்க்க வெள்ளைப் பொடி. நிறத்தால் காட்டிக் கொடுக்காது, மணம் இல்லை, உணவில் கலந்தால் ருசியும் தெரியாது. எலியைக் கொல்லவும், தோல் பதனிடவும், மருந்து செய்யவும் பயன்பட்டதால் கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்தது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பாஷாணம் தின்றவருக்கு வரும் வாந்தி, பேதி, கை கால் இழுப்பு எல்லாம் காலரா கண்டவருக்கு வருவதைப் போலவே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெட்ராஸ் மாகாணத்தில் காலரா அடிக்கடி வந்து போன விருந்தாளி. ஊரில் பத்துப் பேர் காலராவில் போகும்போது, பதினொன்றாவது ஆளைப் பாஷாணம் கொன்றது என்று எந்த வைத்தியரால் சொல்ல முடியும்? பார்வையால் முடியாது. ரசாயனம்தான் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே காலராவில் இறந்தவருடைய மருமகள் மீதோ பங்காளி மீதோ, "சோற்றில் ஏதோ வைத்துவிட்டார்கள்" என்று பழி விழும். அந்தப் பழியைத் துடைக்கவும் ரசாயனம்தான் வேண்டியிருந்தது. ஒரு பரிசோதனை குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் அல்ல, நிரபராதியைக் காப்பாற்றவும்தான் என்பதை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

அரிதாரம்

பாஷாணத்தைக் கண்டுபிடிக்கப் பழைய முறை ஒன்று இருந்தது. சந்தேகப்படும் கரைசலில் அமிலம் சேர்த்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துவார்கள். ஆர்சனிக் இருந்தால் பளிச்சென்று மஞ்சள் நிற வீழ்படிவு உண்டாகும்.

பிளஸ் டூவிலோ அதற்கு முன் பி.யூ.சி.யிலோ அறிவியல் படித்தவர்களுக்கு இந்த வாயுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிப் உபகரணத்திலிருந்து வந்து, அழுகிய முட்டை நாற்றத்தால் பள்ளி முழுவதையும் மூக்கைப் பிடிக்க வைத்த அதே வாயுதான். உப்பு ஆய்வில் காட்மியம் இருந்தால் மஞ்சள், காப்பர் இருந்தால் கறுப்பு என்று நாம் மனப்பாடம் செய்த வரிசைமுறை, ஜெர்மானியரான பிரெசீனியஸ் 1841-இல் வெளியிட்ட பாடநூலின் வழி உலகமெங்கும் பரவியது. பழுப்பு வளையச் சோதனை, சாம்பல் சோதனை எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். மாணவர்களுக்கு ஆர்சனிக் உப்பைக் கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மஞ்சள் வீழ்படிவு எது தெரியுமா? ஆர்சனிக் சல்பைடு. நம் மொழியில் அதற்குப் பெயர் அரிதாரம், தாளகம் என்றும் சொல்வார்கள். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் பொடி அதுதான். "அரிதாரம் பூசியவர்" என்று இன்றும் நடிகர்களைச் சொல்கிறோமே, அந்தச் சொல் அதிலிருந்து வந்தது. அதே ஆர்சனிக்கும் கந்தகமும் வேறு விகிதத்தில் சேர்ந்த சிவப்புக் கல்தான் மனோசிலை. சித்த வைத்தியர்கள் இவற்றைப் பாஷாண வகைகளில் வைத்துச் சுத்தி முறைகள் எழுதி வைத்தார்கள். ஆக, ஆய்வுக்கூடத்தில் குழாயின் அடியில் தங்கிய மஞ்சளை நம் ஊர் வைத்தியரிடம் காட்டியிருந்தால், "இது தாளகம் அல்லவா!" என்றிருப்பார்.

ஒரு வழக்கு தோற்றது, ஒரு சோதனை பிறந்தது

இந்த மஞ்சள் சோதனைக்கு ஒரு குறை இருந்தது. 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஒரு முதியவர் காப்பியில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டதாக அவருடைய பேரன் ஜான் போடில் மீது வழக்கு வந்தது. வூலிச் ராணுவத் தொழிற்சாலையில் வேலை செய்த வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் சோதித்தார். மஞ்சள் வந்தது. ஆனால் ஜூரிகளிடம் காட்டும் நேரத்தில் அந்த வீழ்படிவு கெட்டு நிறம் போயிருந்தது. ஜூரிகள் நம்பவில்லை. பேரன் விடுதலையானார்.

மார்ஷுக்கு அது பொறுக்கவில்லை. நீதிமன்றத்தில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய, அழியாத சான்று வேண்டும் என்று உட்கார்ந்து உழைத்தார். 1836-இல் தன் முறையை வெளியிட்டார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு வரும். அதில் ஆர்சனிக் உள்ள பொருளைச் சேர்த்தால் ஆர்சைன் என்ற வாயுவும் சேர்ந்து வரும். அந்த வாயுவைக் கொளுத்தி, சுடரின் மேல் குளிர்ந்த பீங்கான் துண்டைப் பிடித்தால், கண்ணாடி போல் மினுமினுக்கும் கரும்பழுப்புப் படலம் படியும். அதுதான் ஆர்சனிக். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால்கூட இந்த முறையில் கண்டுவிடலாம்.

ஆன்டிமனியும் இதே போன்ற படலத்தைத் தரும். ஆன்டிமனி உள்ள கல்லைத்தான் நாம் அஞ்சனக்கல் என்கிறோம். இரண்டையும் பிரிப்பதற்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு துளி விடுவார்கள். ஆர்சனிக் படலம் கரைந்துவிடும், ஆன்டிமனி கரையாமல் நிற்கும். ஒரு சோதனையை நம்பி நிற்காமல், இன்னொன்றால் அதைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொன்னால்தான் நம்புவது.

1840-இல் பிரான்சில் மேரி லஃபார்ஜ் என்ற பெண் கணவனைக் கொன்றதாக நடந்த வழக்கில் இந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றது. உள்ளூர் வேதியியலாளர்கள் மார்ஷ் முறையில் பழக்கமில்லாமல் செய்து, ஒன்றும் இல்லை என்றார்கள். பாரிசிலிருந்து வந்த ஓர்ஃபிலா அதையே ஒழுங்காகச் செய்து ஆர்சனிக் இருப்பதைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கருவி ஒன்றுதான், கை வேறு. ஒன்பது ஆண்டுகள் கழித்து மெட்ராஸில் இதற்கென்று தனி ஆய்வுக்கூடம் வந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் முக்கியத்துவம் புரியும்.

ஊமத்தையும் வழிப்போக்கரும்

உலோக விஷங்களுக்கு ஐரோப்பியப் புத்தகங்கள் வழி காட்டின. ஆனால் நம் நாட்டு விஷங்களில் பல வேலியோரத்தில் வளர்பவை. ஊமத்தை, அரளி, எட்டி, குன்றிமணி. இவற்றுக்கு இங்கே இருந்த பரிசோதகர்கள்தான் அனுபவத்தில் வழி கண்டார்கள்.

அந்தக் காலத்து நெடுஞ்சாலைகளில் வழிப்போக்கர்களுடன் நட்பாகப் பேசி, உணவில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து, மயங்கியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் கூட்டம் நாடெங்கும் இருந்தது. ரயிலில் "முன்பின் தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டங்களை வாங்கிச் சாப்பிடாதீர்கள்" என்று இன்று எச்சரிக்கிறார்களே, அந்தக் கதையின் தாத்தா இது. இன்றைய திருடர்கள் தூக்க மாத்திரைக்கு மாறிவிட்டார்கள்.

ஊமத்தை விதை மிளகாய் விதையைப் போலவே இருப்பது அவர்களுக்கு வசதி. பரிசோதகர் விதையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார். மிளகாய் விதை வழவழப்பானது, மெல்லியது. ஊமத்தை விதை சிறுநீரக வடிவில், மேலெல்லாம் சிறு குழிகளோடு இருக்கும். விதை அரைபட்டுப் போயிருந்தால் அதன் சாரத்தைப் பிரித்து, கடும் நைட்ரிக் அமிலம் சேர்த்து உலர வைத்து, ஆல்கஹாலில் கரைத்த காரத்தை ஒரு துளி விடுவார். அழகான ஊதா நிறம் தோன்றும். வைட்டாலி சோதனை என்று பெயர். அதோடும் விடமாட்டார். அந்தச் சாரத்தில் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் விட்டுப் பார்ப்பார். கண்மணி விரிந்தால் ஊமத்தை உறுதி. கண் டாக்டர் நமக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைக்கிறாரே, அந்த மருந்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பரிசோதகரையே யார் பரிசோதிப்பது?

1859-இல் லண்டனில் ஒரு சம்பவம் இந்தத் தொழிலையே உலுக்கியது. ஸ்மெதர்ஸ்ட் என்ற மருத்துவர் ஒரு பெண்ணுக்கு விஷம் கொடுத்தார் என்று வழக்கு. அந்நாளில் இங்கிலாந்தின் பெரிய விஷ நிபுணர் ஆல்ஃபிரட் டெய்லர் ஆர்சனிக் இருப்பதாகச் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செப்புக் கம்பி வலையிலேயே ஆர்சனிக் கலந்திருந்தது! டெய்லரே நீதிமன்றத்தில் அதைச் சொல்ல வேண்டி வந்தது. இருந்தும் ஸ்மெதர்ஸ்டுக்கு மரண தண்டனை விதித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, மறுபடி ஆராய்ந்து, அந்தத் தண்டனையிலிருந்து மன்னிப்பு அளித்தார்கள்.

இந்தப் பாடம் இன்றைய நடைமுறையில் ஒட்டியிருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் இரைப்பை, குடலில் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றை ஜாடிகளில் வைத்து, பொதுவாகத் தெவிட்டிய உப்புக் கரைசல் ஊற்றிச் சீல் வைக்கிறார். அந்த வெறும் உப்புக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக ஒரு பாட்டிலில் அனுப்ப வேண்டும். ஏன்? ஒருவேளை உப்பிலேயே ஏதாவது கலந்திருந்தால்? அதையும் சோதித்து, அதில் ஒன்றும் இல்லை என்று காட்டிய பிறகுதான், உறுப்பில் கண்டது உடலிலிருந்து வந்தது என்று சொல்லலாம். சீலின் மாதிரியும் கூடவே போகும். வழியில் யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதுவே உத்தரவாதம்.

இருக்கிறதா என்பது பாதி, எவ்வளவு என்பது மீதி

பாஷாணம் இருக்கிறது என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்ததா? இல்லை. இறந்தவர் ஒரு மாதமாகப் பாஷாணம் சேர்ந்த நாட்டு மருந்து சாப்பிட்டு வந்தவராக இருக்கலாம். ஆர்சனிக் சேர்ந்த ஆங்கில மருந்துகளும் அந்தக் காலத்தில் உண்டு. புதைத்த உடலானால் மண்ணிலிருந்து வந்திருக்கலாம். ஆகவே எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கும் அடுத்த கேள்வி, "எவ்வளவு?"

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று நம் பெரியவர்கள் சொன்னதுதான் நஞ்சியல் பாடத்தின் முதல் வரியும். அளவை அறியப் பிறகு ஓர் எளிய முறை வந்தது. 1879-இல் குட்சைட் என்பவர் தந்த வழியைத் திருத்தி, ஆர்சைன் வாயுவைப் பாதரச உப்பு தோய்த்த காகிதத்தின் மேல் செலுத்தினார்கள். மஞ்சளிலிருந்து பழுப்பு வரை கறை படியும். அளவு தெரிந்த கரைசல்களால் முன்கூட்டியே கறைகளை உண்டாக்கி வரிசையாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இந்த முறை நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்று நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் இருப்பது 1980-களிலிருந்து வெளியே தெரிய வந்தபோது, கிராமம் கிராமமாகக் கிணறுகளைச் சோதிக்கக் கொண்டுபோன சிறு பெட்டிகளில் இருந்தது இதே காகிதக் கறை முறைதான். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொலைகாரனைப் பிடிக்கக் கண்ட வித்தை, கோடிக்கணக்கானோர் குடிக்கும் தண்ணீருக்குக் காவல் நிற்கிறது.

எரித்தால் போச்சு

நம் நாட்டில் பரிசோதகருக்கு இன்னொரு சிக்கல். இந்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் இறந்த அன்றோ மறுநாளோ எரித்துவிடுவார்கள். பாஷாணம் சூட்டில் ஆவியாகும் பொருள். பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலில் தேடினால் ஏமாற்றம்தான்.

புதைத்த உடல் பேசியதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆக்ராவில் நடந்தது. ராணுவக் கணக்குத் துறையில் இருந்த எட்வர்ட் ஃபுல்லம் 1911-இல் இறந்தார். இயற்கை மரணம் என்று புதைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு கிளார்க் என்ற மருத்துவரின் மனைவி வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். விசாரித்தபோது, கிளார்க்கும் ஃபுல்லமின் மனைவி அகஸ்டாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கணவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த 'பொடி' பற்றி அவற்றில் இருந்தது. புதைகுழியைத் தோண்டி எடுத்துச் சோதித்ததில் ஆர்சனிக் கண்டது. கிளார்க் 1913-இல் தூக்கிலிடப்பட்டார். அகஸ்டா அடுத்த ஆண்டு நைனி சிறையில் இறந்தார். கடிதம் சொன்னதை உடல் உறுதி செய்தது, உடல் சொன்னதைக் கடிதம் உறுதி செய்தது.

பாஷாணம் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதைக் கட்டுப்படுத்த 1904-இல் விஷச் சட்டம் வந்தது. அதை மாற்றி 1919-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரை இன்றும் கேட்கிறோம்.

விஷம் மாறியது, மேசையும் மாறியது

சுதந்திரத்துக்குப் பிறகு வயலுக்குப் பூச்சிமருந்து வந்தது. விஷத்தின் முகமே மாறிப்போனது. 1958-இல் கேரளத்தில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். கப்பலில் உணவுப் பொருளோடு ஒன்றாக ஏற்றி வந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்து கலந்து, அந்த உணவை உண்டவர்களில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1968-இல் வந்த பூச்சிக்கொல்லிகள் சட்டத்துக்கு இதுவே தூண்டுதல்.

இந்தப் புது விஷங்களை மார்ஷ் சோதனையால் பிடிக்க முடியாது. கண்ணாடித் தகட்டில் சிலிக்காப் பொடியை மெல்லிய அடுக்காகப் பூசி, அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, பொட்டிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் பிரிந்து நிற்கும். பக்கத்திலேயே தெரிந்த பூச்சிமருந்துகளுக்கும் பொட்டு வைத்திருப்பார்கள். எது எதோடு சமமாக நிற்கிறது என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பிறகு வாயுநிலையில் பிரிக்கும் கருவிகள், ஒளியை உறிஞ்சும் அளவால் உலோகத்தை எடைபோடும் கருவிகள் எல்லாம் வந்தன.

சென்னையில் 1959-இல் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. இன்று கடற்கரைச் சாலையில், மயிலாப்பூர்ப் பகுதியில் தடய அறிவியல் துறையின் தலைமையகம் இருக்கிறது. 1991 மே 21 இரவு, நம் ஊரிலிருந்து ஒரகடம் வழியாகப் போனால் சிறிது நேரத்தில் வந்துவிடும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டாரே, அப்போது அந்தத் திடலில் சிதறிய துணிகளையும் கம்பிகளையும் சேர்த்து, இடுப்பில் கட்டிய வெடிகுண்டு அது என்று எடுத்துக் காட்டியவர் அப்போதைய இயக்குநர் பி. சந்திரசேகரன். வெடித்தது ஆர்.டி.எக்ஸ். என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். 1849-இல் ஊன்றிய விதை அந்த அளவுக்கு மரமாகியிருந்தது.

சட்டமும் இந்த அறிக்கைக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. சாதாரணமாக, சாட்சி கூண்டில் ஏறிச் சொன்னால்தான் சாட்சியம். ஆனால் அரசு ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை அவர் நேரில் வராமலே நீதிமன்றம் ஏற்கலாம். தேவைப்பட்டால் அழைத்து விசாரிக்கலாம். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 510-ஆவது பிரிவு, 1973 சட்டத்தில் 293, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 329. எண் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதற்குத் தயாராக வேண்டும்.

நம் மாவட்டத்தில், 2023 மே

இவ்வளவு சொன்ன பிறகு, நம் வாசலுக்கு வந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து கள்ளச்சாராயப் பாட்டில்களும் பரிசோதகரின் மேசைக்கு வரத் தொடங்கின. அவற்றில் பயப்பட வேண்டியது மெத்தனால். குடிக்கும் சாராயத்தில் இருப்பது எத்தனால். இரண்டும் நிறமற்ற திரவம். மணமும் ஏறக்குறைய ஒன்றுதான். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரியில். நாக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உடலுக்குள் போனபின் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். "கண் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே வருபவர்கள் பலர்.

ஆய்வுக்கூடத்துக்கு இது எளிய வேலை. சோதிக்க வேண்டிய திரவத்தில் பெர்மாங்கனேட் சேர்த்தால் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாக மாறும். பிறகு குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் வரும். நிறம் எவ்வளவு ஆழமோ, மெத்தனால் அவ்வளவு.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்குத் தெற்கே பெருங்கரணையிலும் விஷச் சாராயம் குடித்து, இரு இடத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிடிபட்ட திரவத்தைத் தடய அறிவியல் கூடத்தில் சோதித்ததில் அது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தெரிந்ததாக அப்போதைய காவல்துறைத் தலைவர் அறிவித்தார். அந்த ஒரு வரி விசாரணையின் திசையைத் தீர்மானித்தது. எங்கோ புதரில் அடுப்பு மூட்டியவனைத் தேடும் வேலை, எந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்த டிரம் வெளியே போனது என்று கணக்குப் பார்க்கும் வேலையாக மாறியது.

ஆனால் அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சோதனை பொய் சொல்லவில்லை. இறந்த பிறகு சோதிப்பதோடு நாம் நின்றுவிட்டோம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். ஊதா நிறம் பிணவறைக்குப் பின்னால் தோன்றுவதைவிட, டிரம் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது கணக்கில் தோன்றினால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

நாம் செய்யக்கூடியது

கடைசியாக, வீட்டில் பேரன் பேத்திகளோடு இருக்கும் நம் போன்றவர்களுக்குச் சில வார்த்தைகள். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையும், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். லேபிள் உள்ள பழைய பாட்டிலிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

யாராவது எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்தப் பாட்டிலையோ பொட்டலத்தையோ கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். என்ன விஷம் என்று ஆய்வுக்கூடம் சொல்ல நாளாகும். பாட்டிலின் லேபிள் அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்லிவிடும். பூச்சிமருந்துக்கு ஒரு மாற்று மருந்து, மெத்தனாலுக்கு வேறொன்று. எது என்று தெரிந்தால்தான் எதைக் கொடுப்பது என்று தெரியும்.

நாளைக் காலை செய்தித்தாளில் "உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளன" என்ற வரி வந்தால், அதன் பின்னால் 1849-இலிருந்து நடக்கும் ஒரு வேலை இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரோ ஒருவர், இறந்தவர் யாரென்றே தெரியாமல், உப்புக் கரைசலைத் தனியாகவும் உறுப்பைத் தனியாகவும் சோதித்துக்கொண்டிருப்பார். அவர் எழுதப்போகும் இரண்டு வரிக்காக ஒரு குடும்பம் காத்திருக்கும்.